முட்டாத காமிரா

போட்டோக்காரருக்குச் சாவதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. செத்த பிறகு சுவரில் எந்தப் படத்தை மாட்டுவார்கள் என்பதுதான் கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. முப்பது வருடமாக ஊரில் யார் செத்தாலும் மறுநாள் காலை ஒருவர் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்து, பர்சிலிருந்து நகம் அளவுக்கு ஒரு படத்தை எடுத்து நீட்டி, "இதைப் பெரிசு பண்ணிக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்பார். அடையாள அட்டையிலிருந்து பிய்த்த படம். முத்திரை சரியாக மூக்கின் மேல் விழுந்த படம். மூன்றாம் வரிசையில் அரைக் காது மட்டும் தெரிகிற படம். ஒருமுறை கூட்டப் படம் ஒன்றிலிருந்து ஒருவரை வெட்டி எடுத்தபோது, அவர் தோளில் இன்னொருவருடைய கை தங்கிவிட்டது. எடுக்க நேரமில்லை. பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருடைய கை அது என்பது படத்தை மாட்டிய பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. "உயிரோட இருந்தப்ப ஒட்டாதது செத்தப்புறம் ஒட்டிக்கிச்சு" என்று போட்டோக்காரர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். சிரிப்பு நின்றது, இருமல் நிற்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். போட்டோக்காரர் எழுந்து போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"எக்ஸ்போஷர் சரியில்லை டாக்டர். கழுவினதும் ஒழுங்கா இல்ல, ஓரத்துல கறை பாருங்க. இதுல எப்படி வியாதி தெரியும்?"

"தெரியுது" என்றார் டாக்டர்.

ஒரு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். இருட்டறை மருந்து நெடி இனிமேல் ஆகவே ஆகாது என்பதை மட்டும் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் போட்டோக்காரர் மனைவியிடம் சொன்னார்: "ஒரு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ஒரு உருப்படியான படம் எடுத்துடலாம்."

அவள் அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள். "வாயை மூடிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் அவருக்கு மனைவி, ஸ்டுடியோவுக்கு ரீடச்சர். பெரிய படம் கேட்டு வருபவர்களை அகல நெகட்டிவில் எடுப்பார்கள். நெகட்டிவில் முகச் சுருக்கமெல்லாம் மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரியும். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் அதை வைத்து, இடது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் அந்தக் கோடுகளை நிரப்பினால், பிரிண்டில் சுருக்கம் காணாமல் போய்விடும். ஊரில் பாதிப் பேருக்குப் பத்து வயது குறைத்த கை அவளுடையது. தெருவில் எதிரே வருகிறவரின் பெயர் மறந்துபோகும், நெற்றிக் கோடு மறக்காது. போட்டோக்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பென்சில்" என்பார். கோபம் வந்தால் "மொட்டைப் பென்சில்."

ஊரையெல்லாம் படமெடுத்தவருக்குத் தன் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, கல்யாணப் படம். அதை எடுத்தவர் எதிர்க்கடைக்காரர். எந்த முகத்தையும் நேருக்கு நேர் வெளிச்சம் அடித்துத் தட்டு மாதிரி ஆக்கிவிடுவதால் அவருக்கு "ஃப்ளாஷ்" என்று பெயர். அந்தப் படத்தில் மணமகள் கண்ணை அகலத் திறந்திருந்தாள். மணமகன் கண் மூடியிருந்தது. இன்னொரு படம் எடுத்திருக்கலாம். ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று ஃப்ளாஷ் போய்விட்டார். அன்றிலிருந்து இருபத்தேழு வருடம் இரண்டு கடைக்கும் நடுவே தெரு மட்டும்தான், பேச்சு இல்லை.

"நான் போனா அதைத்தான் எடுத்து மாட்டுவீங்க" என்றார் போட்டோக்காரர். "செத்தவன் கண்ணை மூடியிருக்கறது நியாயம். கல்யாணத்தன்னிக்கே மூடிட்டா, பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"சரியாத்தான் நினைப்பான்" என்றாள்.

ஃபிலிமில் எடுக்க வழியில்லை. இருட்டறையைப் பூட்டிச் சாவியை அவள் எடுத்துக்கொண்டாள். கழுவுவது எப்போதும் அவர் வேலை, அவளுக்குப் பழக்கமில்லை. ஊரில் இன்னும் ஃபிலிம் கழுவுகிற இன்னொரு இடம் எதிர்க்கடை. "அவன் தொட்டியில என் மூஞ்சி மிதக்கறதுக்கு நான் படமே இல்லாமப் போயிடறேன்" என்றார் போட்டோக்காரர். ஆகவே, பத்து வருடமாக "பொம்மை" என்று திட்டிவந்த டிஜிட்டல் காமிராவை வாங்குவது என்று முடிவாயிற்று.

"எடுக்கறது யாரு?"

"டைமர் இருக்குல்ல. பத்து செகண்ட். அமுக்கிட்டு ஓடிப்போய் உக்காந்துக்கிறேன்."

"பத்து செகண்டா? உங்களுக்கு இருமவே பத்தாது."

காமிராக் கடைக்குக் கூட்டிப்போனவன் அவளுடைய தம்பி. அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை. வாயைத் திறந்தால் எத்தனை மெகாபிக்சல் என்று ஆரம்பிப்பதால் போட்டோக்காரர் வைத்த பெயர் "மெகா". முதல் சனிக்கிழமை போய்விட்டு வந்தவன் செருப்பைக் கழற்றும் முன்பே புகார் செய்தான்.

"அக்கா, இனிமே இவரோட நான் போறதா இல்ல. கடையில இருக்கற அத்தனை காமிரா மேலயும் மூக்கைத் தேச்சு வெச்சிருக்காரு. கடைப் பொண்ணு தொடைக்கற துணியோட பின்னாடியே வருது."

"காமிரான்னா மூக்கு படத்தான் செய்யும், மாப்ள."

"பின்னாடி திரை இருக்கு மாமா! கண்ணை வெச்சுப் பாக்கவே வேணாம். கையை நீட்டிப் புடிச்சாப் போதும்."

"எதுக்கு? கண்ணாடி பாத்துத் தலை சீவவா?"

இரண்டாம் சனிக்கிழமை இன்னும் மோசம். ஒரு காமிராவை, மூக்கு பட்டதும் திரையில் ஏதேதோ எழுத்து ஓடுகிறது என்று தள்ளிவிட்டார். இன்னொன்று கனம் என்றார். "இதைத் தூக்க ஒரு ஆள், எடுக்க ஒரு ஆளா?" முப்பது வருடம் செங்கல் மாதிரி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்த மனிதர். மூன்றாவதில் பட்டனுக்கு விரல் எட்டாது என்றார்.

"உங்க விரலா எட்டாது?" என்று மெகா தலையில் கைவைத்துக்கொண்டான். "வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தற விரல் அது!"

அவள் சிரிக்கவில்லை. கனம், எட்டாது என்ற இரண்டு சொல்லும் அவளுக்குள் போய் எங்கோ உட்கார்ந்துகொண்டன. மனிதர் தளர்ந்துவிட்டார், ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை என்று நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை, ஏதாவது ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துக் கூட்டிவந்துவிடுவது என்று தானும் கிளம்பினாள்.

கடை இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறி முடித்ததும் போட்டோக்காரர் மாடிப்படிக் கைப்பிடியை ரசிப்பது போல ஐந்து நிமிடம் நின்றார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவர்களைப் பார்த்ததும் துடைக்கிற துணியை எடுத்து வெளியே வைத்தாள்.

"வாங்க சார். இன்னிக்கு எதுல மூக்கு வைக்கிறீங்க?"

"நேத்து வந்ததுன்னு போன்ல சொன்னியேம்மா, சின்னது, அதைக் குடு."

கொடுத்தாள். அவர் அதைத் தூக்கி முகத்தில் வைத்தார். மனைவி பார்த்தாள். ஏதோ சரியில்லை. அச்சில் இடம் வலம் மாறிப்போன நெகட்டிவைப் பார்ப்பது போல இருந்தது.

"சார் இடது கண்ணு இல்ல?" என்றாள் கடைப்பெண். "இடது கண்ணால பாக்கறவங்களுக்குத்தான் மூக்குத் தொல்லை. வலது கண்ணுன்னா மூக்கு பாட்டுக்கு ஓரமாப் போயிடும்."

"ஆமாம்மா. பொறந்ததுலேர்ந்தே இடது" என்றார் போட்டோக்காரர், துளியும் கூச்சமில்லாமல்.

பச்சைப் பொய். அந்த முகம் மனைவிக்குத் தெரியும். முப்பது வருடம் இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் பார்த்து வேலை செய்தவர். அதனால் இடது கண்ணோரத்தில் மட்டும் விசிறி மாதிரி ஐந்து சுருக்கம். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. ஊரிலேயே அப்படி ஒருபக்கமாகக் கிழடு தட்டிய முகம் வேறு கிடையாது. இடது கண்ணால் பார்க்கிறவள் அவள். சின்னக் கை அவளுடையது. கனம் தாங்காத மணிக்கட்டும் அவளுடையதுதான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசைப்பட்டு அவருடைய காமிராவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஃபிலிம் சுற்றுகிற லீவர் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். வலது கண்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவள் இடது கண்ணை வைத்ததும் லீவர் நேராக வலது புருவத்தில் வந்து முட்டியது. "உங்க காமிராவும் உங்களை மாதிரியே, கிட்ட வந்தா முட்டுது" என்று வைத்தவள்தான். அதன் பிறகு தொடவில்லை. அதை அவர் மறந்திருப்பார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். சொல்லப்போனால், அவளே மறந்திருந்தாள்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றாள்.

மெகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா எடுக்க மாட்டே?"

"யார் உன்னை எடுக்கச் சொன்னா?" என்றார் போட்டோக்காரர். "சும்மா புடிச்சுப் பாரு."

"டைமர்னு சொன்னீங்க."

"டைமர் என் ஒரு படத்தை எடுக்கும். அப்புறம் வர்றவங்களை யார் எடுக்கறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதும் இருமல் வந்தது. முடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நெகட்டிவ் வராது, பென்சில். மேசை விளக்கை எரியவிட்டுக்கிட்டு எதை நிரப்புவே? கடையை அந்தத் தட்டுமூஞ்சிக்காரனுக்கு விட்டுட்டு நீ போய் மெகா வீட்டுல காய் நறுக்கப் போறியா?"

"எங்க வீட்டுல நான்தான் நறுக்கறேன்" என்றான் மெகா.

அவள் காமிராவை வாங்கினாள். கையில் அடங்கியது. இடது கண்ணை வைத்தாள். மூக்கு திரையில் பட்டது; ஒன்றும் ஓடவில்லை. விரல் தானாகப் போய்ப் பட்டனில் உட்கார்ந்தது. புருவத்தில் எதுவும் முட்டவில்லை. சட்டத்துக்குள் போட்டோக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"முட்டலையே" என்றாள்.

"இதைப் பேக் பண்ணும்மா" என்றார் அவர் கடைப்பெண்ணிடம்.

"மூணு வாரமா வீட்டம்மாவுக்கா மூக்கு வச்சீங்க? முதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா எனக்கு ஒரு துணி மிச்சம்."

மறுநாள் காலையே படம் எடுக்க உட்கார்ந்தார்கள். போட்டோக்காரர் நல்ல சட்டை போட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். பழைய காமிரா அதன் ஸ்டாண்டில் எப்போதும் போல அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவசர பாஸ்போர்ட்டுகளுக்கு எடுத்ததை வெட்டிக் கழுவியது போக அதில் ஐந்தாறு ஃப்ரேம் மிச்சம். வீணாக்க மனமில்லாமல் ஃபிலிமை உள்ளேயே விட்டிருந்தார். அதை ஸ்டாண்டிலிருந்து இறக்கவும் விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். இதைக் கையில புடிச்சே எடு." வெளிச்சம் அதிகம் என்று மெகா ஒரு விளக்கை அணைத்தான்.

பிறகு போட்டோக்காரர் தனக்குத்தானே ஆணையிட ஆரம்பித்தார். "தாடையை இறக்கு. தோளை விடு. சிரிக்காதே, பல்லு தெரியுது." சொல்லச் சொல்ல முகம் கல்லாகிக்கொண்டே போனது. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் "பாத்து, பாத்து, வீணாக்காதே" என்றார்.

"மாமா, இதுல முந்நூறு படம் எடுக்கலாம். பிடிக்கலன்னா அழிக்கலாம்."

"அழிக்கறதுக்கு எதுக்கு எடுக்கணும்? எத்தனை ஆச்சு?"

"முப்பத்தாறு."

"ரோல் முடிஞ்சுது. கொண்டா, மாத்தணும்."

மெகா சிரித்தான். போட்டோக்காரர் சிரிக்கவில்லை. இதற்கென்றே இரண்டு கார்டு வாங்கியிருந்தார். ஆணியில் தொங்கிய கறுப்புப் பையை எடுத்தார். வெளிச்சம் படாமல் ஃபிலிம் மாற்றுவதற்கான இரட்டைத் துணிப் பை அது. கையை விட இரண்டு பக்கமும் ரப்பர் வைத்த குழாய் இருக்கும். காமிராவையும் புதுக் கார்டையும் உள்ளே போட்டு இழுத்து மூடி, முக்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டார்.

"மாமா, கார்டுக்கு வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாது!"

"உனக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தியா?"

"கண்ணு முன்னாடி திறந்து மாத்தலாம் மாமா, ஒரு செகண்ட்."

"படத்தைத் திறந்து வெளிச்சத்துல காட்டற பழக்கம் இந்தக் கடையில கிடையாது. பேசாம இரு, கதவு எங்கேன்னு தேடறேன்."

அந்தப் பைக்குள் கை போய்விட்டால் கண்ணுக்கு வேலை கிடையாது. இருபத்தேழு வருடமாக அவள் அதைத் தினமும் பார்த்திருக்கிறாள், பார்த்ததாக நினைவில்லை. கைகள் துழாவிக்கொண்டிருக்க, முகம் மேலே நிமிர்ந்தது. கண்கள் எதையும் பார்க்காமல் திறந்திருந்தன, யாரோ பக்கத்து அறையில் சொல்லும் நல்ல சமாச்சாரத்தைக் கேட்பது போல. தாடை தானாக இறங்கியது. தோள் தானாக விட்டது. மெகாவைத் திட்டி முடித்த மிச்சம் உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. இடது கண்ணோரத்தில் ஐந்து சுருக்கமும் விரிந்து கிடந்தன.

கையில் காமிரா இல்லை. காமிரா பைக்குள் இருந்தது.

இரண்டே எட்டில் ஸ்டாண்டுக்குப் போனாள். இடது கண்ணை வைத்தாள். லீவர் புருவத்தில் முட்டியது. முட்டட்டும் என்று இன்னும் அழுத்தி வைத்து, அமுக்கினாள்.

அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். முகம் சட்டென்று கீழே வந்தது.

"என்ன பண்ணே?"

"எடுத்தேன்."

"ஃபிலிம்லயா? ஒரு விளக்கு அணைஞ்சிருக்கு, வெளிச்சம் பாத்தியா? மொட்டைப் பென்சில்! அதை எவன் கழுவறது?"

அவர் பைக்குள் கார்டை மாற்றி முடித்து, வெளியே எடுத்து, இன்னொரு முப்பத்தாறுக்கு உட்கார்ந்தார்.

அடுத்த நாளிலிருந்து வந்தவர்களையெல்லாம் அவளே எடுத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாடிக்கையாளரையும் அவளையும் மாறி மாறித் திட்டினார். ஏழாம் மாதம் போய்விட்டார். டாக்டர் ஒரு வருடம் என்று சொல்லியிருந்தார். யார் வைத்த கெடுவையும் அவர் மதித்தவர் இல்லை.

மறுநாள் காலை, சுவருக்குப் படம் வேண்டும் என்று மெகா கம்ப்யூட்டரில் எழுபத்திரண்டையும் திறந்தான். எழுபத்திரண்டிலும் வெளிநாடு போக விண்ணப்பித்தவர் போல உட்கார்ந்திருந்தார். துல்லியமான படங்கள். கண் திறந்திருந்தது, ஆள்தான் இல்லை.

அவள் பழைய காமிராவின் ஃபிலிமைச் சுற்றி எடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. ஃப்ளாஷ் எழுந்து நின்றார். ரோலைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவர் ஈரம் காய்ந்தும் காயாத ஃபிலிம் துண்டை ஓரங்களைப் பிடித்து நீட்டினார். அதில் ஒரே ஒரு ஃப்ரேமில்தான் படம்.

"வெளிச்சம் கொஞ்சம் கம்மி. பிரிண்ட்ல சரி பண்ணிக்கலாம்" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவை கண்ணு திறந்திருக்கு" என்றார்.

மெகா அதை ஸ்கேன் செய்தான். தூசியை எடுத்தான். "மாமா பத்து வயசு குறைச்சுப் போடச் சொன்னாருக்கா" என்று ஒரு தட்டுத் தட்டினான். கண்ணோரச் சுருக்கம் ஐந்தும் மறைந்தன. அவளுக்கு அரை நாள் பிடிக்கிற வேலை.

"திரும்பக் கொண்டா" என்றாள்.

"அவர் ஆசை அக்கா."

"அவர் சொன்னதெல்லாம் என்னிக்கு நடந்திருக்கு? கொண்டா."

ஐந்தும் திரும்பி வந்தன. பையை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் போடலாமா என்று மெகா கேட்டான். அதற்கும் வேண்டாம் என்றாள்.

படம் ஸ்டுடியோவில், முக்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறது. புகைப்படத்துக்கு உட்காருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தாக வேண்டும். பூனைக்குட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒரு மனிதர், முழங்கைக்குக் கீழே கறுப்புப் பை. போன வாரம் வந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பைக்குள்ள என்னம்மா இருக்கு?"

"இந்தக் காமிராதான்" என்றாள், இடது கண்ணை அதில் வைத்துக்கொண்டே.

அவர் நம்பவில்லை. தாடையை இறக்கச் சொன்னாள்.